முதல் நாள் ஆஷ்விட்ஸ் இல்லைங்க, கல்லறைத் தோட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரெண்டு வாரம் முன்னாடி உங்க ஞாயிறு இணைப்புல வந்த போலந்து பயணக் கட்டுரைய படிச்சேன். எழுதினவரு க்ராகோவ் சதுக்கம், உப்புச் சுரங்கம் எல்லாம் ரசிச்சு எழுதியிருந்தாரு, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. நடுவுல ஒரு பத்திதான் உறுத்திச்சு. நாஜிங்க யூதர்கள கொன்னு குவிச்ச ஆஷ்விட்ஸ் முகாம் வாசல்ல ஒரே கலர் ஹூடி போட்ட யூதப் பசங்க கூட்டம் ஒண்ண பாத்தாராம், ஏர்போர்ட்டுல இருந்து நேரா இங்க கொண்டு வந்து எறக்கி அழ வைக்கிறாங்க, இதெல்லாம் ஒரு டூரான்னு கேட்டுட்டு அடுத்த வரில உருளைக்கிழங்கு அடைக்கு போயிட்டாரு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் வடக்கு லண்டன்ல நர்ஸா இருக்கேன். யூதர் கிடையாது. 2019 ஜூலைல இந்த மாதிரி ஒரு க்ரூப்போட நானே போனேன். கூட வேலை பாக்குற யூத சிநேகிதி ஒருத்திதான் போக வேண்டியது, கடைசி நேரத்துல கால ஒடிச்சுக்கிட்டா, அவ இடத்துக்கு அவசரமா ஒரு நர்ஸ் வேணும்னு கேட்டாங்க. எனக்கு ஹீப்ரூல ஒரு எழுத்து தெரியாதே, பரவால்லையான்னு கேட்டேன். அலர்ஜி லிஸ்ட்ட ஒழுங்கா படிக்கத் தெரிஞ்சா போதும்னாங்க. 41 பசங்க, பதினாறு வயசு, ஜிசிஎஸ்இங்கற நம்மூர் பத்தாவது மாதிரி பரீட்சை எழுதி முடிச்ச கையோட கெளம்பினவங்க. ப்ரிட்டன்ல இது ரொம்ப நாள் பழக்கம், அந்தப் பரீட்சை முடிஞ்ச கோடைல யூத இளைஞர் அமைப்புங்க பசங்கள இஸ்ரேலுக்கு கூட்டிட்டுப் போகும், சில க்ரூப் போற வழில போலந்துல ஒரு வாரம் எறங்கும். எனக்கு அந்த ஒரு வாரம்தான் ட்யூட்டி. முழு வாரத்தையும் இங்க எழுதப் போறதில்ல, முதல் நாள மட்டும் சொல்றேன், ஏன்னா உங்க கட்டுரை சறுக்கினது அங்கதான்.

ராத்திரி மூணரைக்கு லூட்டன் ஏர்போர்ட். பாதிப் பசங்க தூங்கவே இல்ல, மீதிப் பேர் தூங்கி எழுந்திருக்கவே இல்ல. அம்மாக்கள் ஒவ்வொருத்தரா என்கிட்ட வந்து மருந்துப் பையக் குடுத்தாங்க, அலர்ஜிக்கான எபிபென் ஊசி நாலு, இன்ஹேலர் ஒன்பது, இன்சுலின் பம்ப் போட்ட ஒரு பையன், ஏடிஹெச்டி மாத்திரைக்கு டாக்டர் லெட்டர், எல்லாத்தையும் டிக் அடிச்சு வாங்குறதுக்குள்ள எனக்கு வேர்த்துருச்சு. லீடருங்கன்னு ஆறு பேர், அவங்களே இருபது இருபத்தொண்ணு வயசு காலேஜ் பசங்கதான், ஆம்பளப் பையன்னா மத்ரிக், பொண்ணுன்னா மத்ரிகா, சேத்து சொன்னா மத்ரிகிம்னு கத்துக்கிட்டேன். இவங்களுக்கு மேல பெரியவர் ஒருத்தர், தாடி, தொப்பி, கைல எப்பவும் ஒரு பழைய மேப். அவர்தான் எஜுகேட்டர், விளக்கம் சொல்ற பொறுப்பு முழுக்க அவரோடது. ஃப்ளைட் ஏறினதும் ஒரு பொண்ணு சின்ன காகிதத்த பாத்து பயணத்துக்கான பிரார்த்தனைய வாசிச்சா, நாலஞ்சு பேர் ஆமென் சொன்னாங்க, மத்தவங்க காதுல ஹெட்ஃபோன்.

சாப்பாட்டுக்குன்னு தனியா ரெண்டு பெரிய சூட்கேஸ். யூத மத விதிப்படியான சாப்பாடு, கோஷர்னு பேரு, போலந்து தலைநகர் வார்சாவுல எல்லா எடத்துலயும் கெடைக்காதுங்கறதால டூனா டப்பா, க்ராக்கர், வெந்நீர் ஊத்துற நூடுல்ஸ் கப்புன்னு அடைச்சு வச்சிருந்தாங்க. வார்சாவுல எறங்கினப்ப அதுல ஒரு சூட்கேஸ் வரல. பெல்ட் நின்னுருச்சு, பெட்டி இல்ல. விமான கம்பெனி கவுன்ட்டர்ல ஒரு ஃபாரத்த குடுத்து நிரப்புங்கன்னு சொன்னதோட சரி. ஒரு மத்ரிகா சூப்பர்மார்க்கெட்டுக்கு ஓடி வாழப்பழம், வெள்ளரிக்கா, தண்ணி எல்லாம் ஸ்லோட்டி குடுத்து வாங்கிட்டு வந்தா. பாக்கெட் சாமான் வாங்கணும்னா எது கோஷர்னு போன்ல இருக்கற லிஸ்ட்டோட ஒப்பிட்டு பாக்கணும், அதுக்கு நேரமில்ல, ஆகவே பழம். பதினாறு வயசுப் பசங்களுக்கு காலைச் சாப்பாடு ஆளுக்கு ரெண்டு வாழப்பழம்னா என்ன ஆகும்னு அப்பவே எனக்கு வயித்துல புளிய கரைச்சுது.

பஸ் கெளம்பினதும் எஜுகேட்டர் மைக்க எடுத்தாரு. நான் என்னமோ பெரிய சோகப் பிரசங்கம் வரும்னு நினைச்சேன். அவர் சொன்னது, இன்னிக்கு யாரும் அழ வேண்டாம், அதுக்கு வேற நாள் இருக்கு, இன்னிக்கு இந்த ஊர்ல நம்மாளுங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு மட்டும் பாருங்க, வாழ்ந்தது தெரியாம செத்தத மட்டும் பாத்தா அது வெறும் எண்ணிக்கை. அவ்ளோதான், மைக்க வச்சுட்டாரு. அப்புறம் ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி வார்சாவுல யூதர் மூணரை லட்சம் பேருக்கு மேல இருந்தாங்க, ஊர்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர், ந்யூயார்க்குக்கு அடுத்தபடியா உலகத்துலயே அதிகம்னு ஒரு மத்ரிக் சொன்னான். பின் சீட்டுல ஒருத்தன், அப்ப ஃபுட்பால் டீம் இருந்துச்சான்னு கேட்டான். இருந்துச்சு, விளையாட்டு க்ளப்பு, தினசரிப் பேப்பர், நாடகக் கொட்டகை, ஒண்ண ஒண்ணு திட்டிக்கிட்ட கட்சிங்க எல்லாமே இருந்துச்சுன்னு பதில். அந்தக் கேள்விக்கப்புறம்தான் பஸ்ல பாதிப் பேர் முழிச்சாங்க.

முதல் நிறுத்தம் ஒகோபோவா தெருவுல இருக்கற யூதக் கல்லறைத் தோட்டம். 1806ல ஆரம்பிச்சது, 33 ஹெக்டேர், ரெண்டு லட்சத்துக்கு மேல கல்லறைங்க, இன்னிக்கும் அங்க அடக்கம் நடக்குது. வாசல்ல எறங்கினா, ஒரு பையன் மட்டும் பஸ்லயே உக்காந்துட்டான். ஓடம்பு சரியில்லையான்னு நான் பதறிப் போய் நெத்திய தொட்டுப் பாத்தேன். அவன் சிரிச்சுட்டு, நான் கோஹன், உள்ள வர முடியாது மிஸ்னான். பழைய காலத்து ஜெருசலேம் கோவில்ல பூசாரியா இருந்தவங்க வம்சம், அப்பா வழியா வர்றது, அவங்க கல்லறைத் தோட்டத்துக்குள்ள போகக்கூடாதுங்கறது விதி. எல்லா யூதரும் இத பாக்கறதில்ல, இவன் வீட்டுல பாப்பாங்க. ஒரு மத்ரிக்கும் கோஹன்தானாம், அவனும் வெளில நின்னுட்டான், பையன தனியா விடக்கூடாதுங்கறதுக்காக இவன பாத்து பொறுக்கினாங்களா தற்செயலான்னு தெரியல, எனக்கு அந்த ஏற்பாடு ரொம்ப பிடிச்சுது. நான் உள்ள போகத் திரும்பினப்ப பையன் கூப்பிட்டான். மிஸ், உள்ள எங்க ஆளுங்க கல்லுல ரெண்டு கை செதுக்கி இருக்கும், விரல் நடுவுல பிரிஞ்ச மாதிரி, பாத்தா ஃபோட்டோ எடுத்துட்டு வர்றீங்களா?

உள்ள போனா அது தோட்டம் இல்ல, காடு. போருக்கப்புறம் பாத்துக்க சொந்தக்காரங்களே இல்லாததால மரம் தானா மொளைச்சு கல்லுங்கள சாய்ச்சிருக்கு, சில கல்லு மரத்து வேருக்குள்ளயே மாட்டிக்கிட்டு நிக்குது. எஜுகேட்டர் பசங்களுக்கு கல்லுங்கள படிக்கக் கத்துக் குடுத்தாரு, எழுத்து தெரியலைன்னாலும் படத்த வச்சு படிக்கலாம். மெழுகுவத்தித் தாங்கி செதுக்கியிருந்தா பொண்ணு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேத்தறது அவங்கதானே. ஜக்கு இருந்தா லேவி வம்சம், பூசாரிங்களுக்கு கை கழுவ தண்ணி ஊத்தினவங்க. புஸ்தகம்னா படிச்ச மனுஷன். மரத்த பாதில வெட்டின மாதிரி இருந்தா சின்ன வயசுலயே போன உயிர். பத்து நிமிஷத்துல பசங்க இத ஒரு விளையாட்டாவே ஆக்கிட்டாங்க, இங்க ஒரு ஜக்கு, இங்க ரெண்டு புஸ்தகம்னு கத்திக்கிட்டு ஓடறாங்க. கல்லறைல ஓடறாங்களேன்னு எனக்கு சங்கடமா இருந்துச்சு, எஜுகேட்டர பாத்தேன், அவர் கண்டுக்கவே இல்ல. வெட்டின மரம் செதுக்கின கல்லுங்க ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு வர ஆரம்பிச்சப்ப சத்தம் தானா கொறைஞ்சுது.

எஸ்பெரான்டோ மொழிய உண்டாக்கின ஸாமென்ஹோஃப் அங்கதான் இருக்காரு, 1917ல செத்தவரு, தொழில் கண் டாக்டர். உலகத்துக்கே ஒரே பாஷை இருந்தா சண்டை போயிடும்னு நம்பினவரு. இட்டிஷ்ங்கற யூத மொழில எழுதின பெரெட்ஸுக்கு ஒரு மண்டபமே இருக்கு. யானுஷ் கோர்ச்சாக்குக்கு சிலை மட்டும்தான், ஏன்னா உடம்பு கெடைக்கல. அவரு குழந்தை டாக்டர், அநாதை இல்லம் நடத்தினவரு, 1942 ஆகஸ்ட்டுல நாஜிங்க அந்தப் பசங்கள ரயில்ல ஏத்தினப்ப, தான் தப்பிக்க வழி இருந்தும் அவங்களோடவே போனாரு, கிட்டத்தட்ட 200 பிள்ளைங்க. சிலைல ஒரு குழந்தைய தோள்ல தூக்கிட்டு மத்ததுங்கள கூட்டிட்டு நடக்கறாரு. நர்ஸா இருக்கறதால எனக்கு அங்க கால் நகரல. பசங்க யாரும் பூ வைக்கல, தரைல கெடந்த கூழாங்கல்ல எடுத்து வச்சாங்க, அவங்க முறை அதுதான். ஒரு பொண்ணு தன்னோட குடும்பப் பேர் இருந்த கல்ல கண்டுபிடிச்சு கத்தினா, சொந்தமான்னு கேட்டா தெரியாது, ரொம்ப சாதாரணமான பேர்தான், ஆனாலும் அவ ஒரு கல்ல வச்சுட்டுத்தான் வந்தா.

கைங்க செதுக்கின கல்ல நான் மூணு எடத்துல ஃபோட்டோ எடுத்தேன். வாசல்ல எல்லாரும் கைய கழுவிட்டு வெளில வந்தாங்க. பையன்கிட்ட போன நீட்டினேன், பெருசு பண்ணிப் பாத்தான், தன்னோட கைய அதே மாதிரி விரல் பிரிச்சு வச்சுப் பாத்தான், சினகாக்ல, அதாவது யூதர் கோவில்ல, ஆசீர்வாதம் பண்றப்ப அவங்க அப்பா அப்படித்தான் வைப்பாராம். அப்புறம் நாலு தடவ இதயே மத்தவங்ககிட்ட காட்டிட்டு இருந்தான். சுவத்துக்கு வெளிலயே நின்ன பையனுக்குத்தான் அந்த எடம் ரொம்ப கிட்டப் போன மாதிரி எனக்கு தோணிச்சு.

அதுக்கப்புறம் முரானோவ் பேட்டைல நடை. இங்கதான் கெட்டோ, நாஜிங்க யூதர்கள அடைச்சு வச்ச பகுதி, இருந்துச்சு, 1940 நவம்பர்ல சுவர் வச்சு மூடினாங்க, நாலு லட்சத்துக்கு மேல ஆளுங்கள உள்ள அடைச்சாங்க. இப்ப சாதாரண அபார்ட்மென்ட், பால்கனில துணி காயுது, பாட்டி ஒருத்தங்க காய்கறி வண்டிய இழுத்துட்டுப் போறாங்க. ஆனா வீடுங்களுக்கு படி ஏறிப் போகணும், ஏன்னா அந்த மேடெல்லாம் இடிஞ்ச கெட்டோவோட கட்டடக் குப்பை, அள்ளிப் போட எடமில்லாம அது மேலயே கட்டிட்டாங்க. சுவர் இருந்த எடத்துல நடைபாதைல இரும்புப் பட்டை பதிச்சிருக்காங்க, 1940-1943ன்னு வருஷத்தோட. பசங்க ஒரு கால் உள்ள ஒரு கால் வெளிலன்னு நின்னு பாத்தாங்க.

உங்க கட்டுரையாளர் சொன்னதுல ஒரு நியாயம் இருக்குன்னு இங்க ஒத்துக்கணும். இந்த க்ரூப்புங்க ஒரு கண்ணாடிக் குமிழுக்குள்ள வருதுங்க, பஸ், ஹோட்டல், பஸ், உள்ளூர் மனுஷங்களோட ஒரு வார்த்தை பேசாமலே திரும்பிப் போற க்ரூப்பும் உண்டு. சத்தமா பாட்டுப் பாடிக்கிட்டே நடப்பாங்க, அந்தப் பால்கனிக்காரங்களுக்கு எப்படி இருக்கும்? எங்க பசங்களும் பாட ஆரம்பிச்சாங்க, எஜுகேட்டர் இங்க ஜனங்க குடியிருக்காங்கன்னு நிறுத்தினாரு. வார்சாக்காரப் பொண்ணு ஒருத்தி, கைடு, அரை மணி நேரம் கூட வந்தா, யூதர் இல்ல. உங்க ஸ்கூல்ல இதெல்லாம் சொல்லித் தருவாங்களான்னு பசங்க கேட்டாங்க. தருவாங்கன்னா, அப்புறம் அவ பங்குக்கு ஒண்ணு கேட்டுக்கிட்டா. தயவு செஞ்சு வீட்டுக்குப் போய் போலந்து முகாம்னு சொல்லாதீங்க, எங்க மண்ணுல ஜெர்மன் நாஜிங்க கட்டினது, எங்க தாத்தா பாட்டியும் அந்த ஆக்கிரமிப்புலதான் இருந்தாங்க. உடனே ஒரு பையன், காட்டிக் குடுத்த போலந்துக்காரங்களும் இருந்தாங்களேன்னான். இருந்தாங்க, ஒளிச்சு வச்சவங்களும் இருந்தாங்க, ரெண்டையும் சொல்லுங்கன்னா. கொஞ்ச நேரம் யாரும் பேசல. எனக்கென்னவோ நாளோட உருப்படியான பேச்சு இதுதான், இன்னும் ரெண்டு மணி நேரம் அவள விட்டிருக்கலாம்.

மத்தியானம் போலின் மியூசியம், போலந்து யூதரோட வரலாறுக்கானது. எதிர்ல கெட்டோ வீரர்களுக்கான நினைவுச் சின்னம், 1943 ஏப்ரல் 19ம் தேதி கெட்டோ யூதருங்க நாஜிங்கள எதிர்த்து கெளர்ச்சி ஆரம்பிச்சதோட அஞ்சாவது வருஷ நாள்ல, 1948ல தெறந்தது. நாஜிங்க தங்களோட வெற்றிச் சின்னத்துக்கு ஆர்டர் பண்ணி வச்சிருந்த கல்லத்தான் இதுக்கு உபயோகிச்சாங்கன்னு சொல்றாங்க. 1970ல ஜெர்மன் சான்சலர் வில்லி ப்ராண்ட் இங்க வந்து மலர் வளையம் வச்சவரு அப்படியே முட்டி போட்டுட்டாரு, படம் பாத்திருப்பீங்க.

மியூசியத்துக்குள்ள ஆயிரம் வருஷ வரலாறு இருக்கு, எல்லாத்தையும் பாக்க ஒரு நாள் பத்தாது, நாங்க ரெண்டு கூடம்தான் பாத்தோம். போலின்ங்கறது ஹீப்ரூல போலந்தோட பேர், போ லின்னு பிரிச்சா இங்க தங்குன்னு அர்த்தம், மேற்குப் பக்கம் இருந்து விரட்டப்பட்டு வந்தவங்களுக்கு காட்டுல அப்படி ஒரு குரல் கேட்டுச்சுன்னு ஒரு கதை. க்வோஷ்ஜியெட்ஸ்ங்கற ஊர்ல இருந்த மரத்தால ஆன சினகாக்கோட கூரைய அப்படியே திரும்பக் கட்டி உள்ள தொங்க விட்டிருக்காங்க, அந்த ஊர் இப்ப உக்ரைன்ல இருக்கு, அசல் எப்பவோ அழிஞ்சு போச்சு. கூரை முழுக்க சிவப்பும் நீலமுமா சிங்கம், மான், பன்னெண்டு ராசி. பசங்க தலைய அண்ணாந்து அவங்கவங்க ராசிய தேடினாங்க. அதுல ஒரு பொண்ணு அண்ணாந்தபடியே சாய்ஞ்சுட்டா.

பயப்பட ஒண்ணுமில்ல, தூக்கமில்ல, சாப்பாடு ரெண்டு வாழப்பழம், மயக்கம் வராம என்ன செய்யும். கால தூக்கி வச்சுட்டு க்ளுகோஸ் மாத்திரைய எடுத்தா, கண்ணு பாதி மூடிக்கெடக்கற அந்தப் பொண்ணு கேட்டா பாருங்க, மிஸ் இது கோஷரா? எஜுகேட்டர் பக்கத்துல குனிஞ்சு, பிக்குவாஹ் நெஃபெஷ், மொதல்ல முழுங்குன்னாரு. உயிர் ஆபத்துன்னா மத்த விதியெல்லாம் அப்புறம்னு அவங்க சட்டத்துலயே இருக்கு. மயக்கத்துக்கெல்லாம் அது பொருந்துமான்னு பக்கத்துல ரெண்டு பசங்க விவாதம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க, நான் பல்ஸ் எண்ணிக்கிட்டு இருக்கேன், காது பக்கத்துல சட்ட விவாதம்.

சாயங்காலம் நோஷிக் சினகாக். 1902ல கட்டினது, போருக்கு முன்னாடி இருந்ததுல இன்னிக்கும் பிரார்த்தனை நடக்கறது வார்சாவுல இது ஒண்ணுதான், நாஜிங்க குதிரை லாயமா வச்சிருந்ததால இடிக்காம விட்டாங்க. மேல பொண்ணுங்க வரிசைல உக்காந்து பாத்தேன். பாட்டு ஆரம்பிச்சுது, காலைல ஹெட்ஃபோனோட இருந்தவங்களும் பாடினாங்க.

ராத்திரி ஹோட்டல்ல வட்டமா உக்காந்து பேச்சு. கெளம்பறதுக்கு முன்னாடியே தாத்தா பாட்டி எந்த ஊர்னு கேட்டுட்டு வரச் சொல்லியிருந்தாங்க. வூட்ஜ், லுப்ளின், வில்னான்னு ஒவ்வொருத்தரா சொல்லிக்கிட்டே வர, ஒரு பொண்ணு, எங்க குடும்பம் பாக்தாத், அங்கிருந்து கல்கத்தா, அப்புறம் லண்டன், எங்களுக்கு இங்க யாருமே இல்ல, நான் எதுக்கு இங்க வந்திருக்கேன்னே புரியலன்னா. சட்டுனு யாரும் பதில் சொல்லல. பாக்தாத் யூதர்ல பெரும்பாலானவங்க 1950, 51ல ஊர விட்டே போக வேண்டியிருந்துச்சு, அந்தக் கதைக்கு யாரும் இவள கூட்டிட்டுப் போகப் போறதில்ல. எஜுகேட்டர் நல்ல கேள்வின்னாரு, எங்கிட்ட பதில் இல்லன்னும் சொன்னாரு. அவர் மேல எனக்கு மரியாதை வந்தது அப்பதான். வட்டம் கலைஞ்சப்ப அவ வந்து நீங்க கல்கத்தாவான்னு என்னக் கேட்டா. இல்லன்னதும் மொகம் கொஞ்சம் வாடிப் போச்சு.

பதினோரு மணிக்கு மருந்து நோட்டு எழுதிட்டு இருக்கேன், கதவு தட்டற சத்தம். மியூசியத்துல மயங்கின பொண்ணு. மறுநாள் ட்ரெப்ளிங்கா கொலை முகாம், கோர்ச்சாக்கும் பிள்ளைங்களும் போன அதே எடம். நான் நாளைக்கு பஸ்லயே இருந்துக்கலாமான்னு கேட்டா. இருந்துக்கலாம், யாரையும் உள்ள வான்னு கட்டாயப்படுத்த மாட்டாங்க, கூட நானோ ஒரு மத்ரிகாவோ இருப்போம்னு சொன்னேன். அத கேட்டதும் தூங்கப் போயிட்டா.

ஆசிரியர் சார், இதான் அந்த முதல் நாள். யாரும் அழல. வார்சாவுல இருந்து ஆஷ்விட்ஸ் 300 கிலோமீட்டர், நாங்க அங்க போனது அஞ்சாவது நாள். காலைல விமானம் ஏறி ராத்திரி வீடு திரும்பற ஒரு நாள் ட்ரிப்புங்க இருக்கு, உங்க ஆள் பாத்தது அப்படி ஒண்ணா இருக்கலாம், அப்படின்னா அதச் சொல்லி எழுதணும், எல்லாரையும் சேத்து ஒரே வரில அடைக்கக் கூடாது. வாசல்ல அழுது நின்ன பசங்களுக்கு அதுக்கு முன்னாடி நாலு நாள் இருந்துச்சான்னு ஒருத்தர்கிட்டயாவது கேட்டிருக்கலாம்.

இன்னொண்ணு, இது திருத்தமாவே போட வேண்டியது. கட்டுரைல ரெண்டு எடத்துல போலந்து வதை முகாம்னு இருக்கு. அந்த இடத்தோட பேரயே 2007ல யுனெஸ்கோ பட்டியல்ல ஜெர்மன் நாஜி முகாம்னு தெளிவா மாத்தி வச்சுட்டாங்க. அந்த வார்சாப் பொண்ணு எங்ககிட்ட கேட்டுக்கிட்டது அந்த ஒண்ணுதான், நானும் உங்ககிட்ட அதையே கேட்டுக்கறேன். அடுத்த ஞாயிறு இணைப்புல ரெண்டு வரி போதும்.

இப்படிக்கு,
உங்க வாசகி, ஒரு நர்ஸ்
வடக்கு லண்டன்

பி.கு: அந்த சூட்கேஸ் நாலாவது நாள் க்ராகோவ் ஹோட்டலுக்கு வந்து சேந்துச்சு. நூடுல்ஸ் கப்பு எல்லாம் நொறுங்கிப் போச்சு, டூனாவுக்கு ஒண்ணும் ஆகல.